பள்ளியில் அந்நிய பாஷை: கட்டாயம் யார் மேல்?

(வாசகசாலை ஆண்டு நிறைவுக் கூட்டமொன்றில் நாம் பேசியதைத் தோழர்கள் எழுதிக் கேட்டதன் பேரில், நினைவில் உள்ளபடி இங்குத் தருகிறோம்.)



எங்களை இங்கு அழைத்தவர்கள் "மூடநம்பிக்கை ஒழிப்பு" என்று நோட்டீஸ் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தோம். ஆனால் மேடை ஏறுவதற்கு முன்பே இரண்டு சீட்டுகள் நம் கையில் கொடுக்கப்பட்டன. முதல் சீட்டில், "இந்தி கட்டாயம் கூடாது என்கிறீர்களே, இங்கிலீஷ் மாத்திரம் கட்டாயமாக இருக்கலாமா? அதுவும் அந்நிய பாஷைதானே?" என்று கண்டிருக்கிறது. இரண்டாவது சீட்டில், "மேடையில் இந்தியை எதிர்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தி சொல்லித்தரும் பள்ளியில் படிக்கிறார்களே, இதற்கு என்ன சமாதானம்?" என்று எழுதியிருக்கிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் நாம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. நியாயமான கேள்விகள். இன்று முழுதும் இவற்றையே பேசிவிடலாம் என்று தலைவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டோம். மூடநம்பிக்கை எங்கும் ஓடிப்போய்விடாது, அடுத்த வருஷமும் இருக்கும். (சிரிப்பு)

ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் அதிகம் படித்தவர்கள் அல்ல. நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டிற்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் பாஷை என்றால் என்ன? சிலர் தேவபாஷை என்கிறார்கள். சிலர் கடவுள் உடுக்கையிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களில் நம் தமிழ்ப் புலவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வடமொழிக்காரன் சொன்னால் அது புரட்டு, நம்மவன் சொன்னால் அது பெருமை என்று வைத்துக்கொண்டால் நாம் பகுத்தறிவைப் பற்றி வாய் திறக்க யோக்கியதை இல்லாதவர்கள் ஆவோம். பாஷை ஒருவர் கருத்தை மற்றவருக்குத் தெரிவிக்கும் சாதனம். தச்சனுக்கு உளி எப்படியோ அப்படி. உளிக்குக் கற்பூரம் காட்டுகிறவனைக் காட்டிலும் அதைத் தீட்டி வைத்துக்கொள்ளுகிறவன்தான் நல்ல தச்சன். ஆகவே எந்த பாஷையின் மேலும் நமக்கு வெறுப்பில்லை; எந்த பாஷைக்கும் பூசை செய்யவும் நாம் தயாராக இல்லை.

பாஷை எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்த வாலிபர்கள் எந்தப் பள்ளியில் தமிழ் படித்தார்கள்? யாரும் அவர்களுக்குப் புத்தகம் கொடுக்கவில்லை. ஓவர்டைம் கூலி கேட்பதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டார்கள். டீக்கடையில் கடன் சொல்ல இன்னொரு சொல் வேண்டியிருந்தது, அதையும் கற்றுக்கொண்டார்கள். நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் மலையாளமும் இந்தியும் அரபியும் பேசிக்கொண்டு திரும்புகிறார்கள். மாமல்லபுரத்தில் கல் பொம்மை விற்கிற பையன் வெள்ளைக்காரனின் முகத்தைப் பார்த்தே இங்கிலீஷா பிரெஞ்சா என்று தெரிந்துகொண்டு விலை சொல்லுகிறான். தேவை இருக்கிற இடத்தில் கட்டாயம் தேவையில்லை. அப்படியானால் கட்டாயம் எங்கே வருகிறது? தேவையைக் காட்ட முடியாத இடத்தில்தான் அது பெரும்பாலும் வருகிறது.

பெரும்பாலும் என்றுதான் சொன்னோம். அந்த வார்த்தையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அதற்கே திரும்பி வருவோம்.

நம் மாகாணத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்பட்டு இராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியானார். 1938 ஏப்ரலில் 125 உயர்தரப் பள்ளிகளில் இந்தி கட்டாய பாடம் என்று உத்தரவு பிறந்தது. இந்தியில் எழுதப்பட்ட எந்த யந்திர நூலுக்காக, எந்த வைத்திய நூலுக்காக எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அது தேசபக்தி என்று பதில் வந்தது. தேவையைக் காட்ட முடியாதவர்கள் பக்தியைத்தான் காட்டுவார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் திருச்சியிலிருந்து ஒரு படை கால்நடையாகப் புறப்பட்டுச் செப்டம்பரில் சென்னை வந்து சேர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை போனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு, கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் காவலில் இருந்த நிலையிலேயே மாண்டார்கள். அந்த மந்திரிசபை 1939 அக்டோபரில் வெளியேறியது. 1940 பிப்ரவரியில் கட்டாயம் நீக்கப்பட்டது. பின்னால் 1965-இல் நடந்ததையும், 1968 ஜனவரியில் சட்டசபையில் இருமொழித் தீர்மானம் நிறைவேறியதையும் நாம் விவரிக்கப் போவதில்லை. இங்கு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களில் சிலர் 1965-இல் தடியடி வாங்கியவர்கள். நம்மைவிட அவர்கள் நன்றாகச் சொல்லுவார்கள்.

"தமிழ்நாட்டான் மாத்திரம்தான் இப்படிக் குதிக்கிறான்" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். 2025 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தில் முதல் வகுப்பிலிருந்தே இந்தி மூன்றாம் பாஷையாகக் கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். மராத்தியர் இந்திக்கு எழுத்தாலும் சொல்லாலும் எவ்வளவு அருகில் இருப்பவர்கள்! அவர்களே எதிர்த்து, ஜூன் மாதக் கடைசியில் அந்த உத்தரவு வாபசாயிற்று. ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் மூன்று பாஷையை ஏற்றுவது சரியா என்று அங்குள்ள பெற்றோர் கேட்ட கேள்வி, நம் ஊர்ப் பெற்றோர் கேட்கிற கேள்விதான்.

நிற்க. கட்டாயத்திற்குப் பின்னால் யாருடைய சௌகரியம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு நாம் சீமைக்கே போகலாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரண்டு பெரிய சர்வகலாசாலைகள் உண்டு. அங்கு எந்தப் பாடம் படிக்கப் போனாலும், கணிதமோ ரசாயனமோ, கிரேக்க பாஷையில் பரீட்சை தேறியாக வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. செத்துப்போன பழைய கிரேக்கம்! அதைச் சொல்லித்தருகிற பள்ளிகள் எவை? பெரும்பாலும் பிரபுக்களும் பணக்காரர்களும் பிள்ளைகளை அனுப்புகிற பள்ளிகள். நெசவாளி மகனும் கடைக்காரன் மகனும் படிக்கிற பள்ளியில் கிரேக்க உபாத்தியாயர் ஏது? ஆகவே ஒரு பையன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் வாசற்படியிலேயே நின்றுவிடுவான். "ஏழை உள்ளே வரக்கூடாது" என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. "கிரேக்கம் தெரியாதவன் வரக்கூடாது" என்று எழுதினார்கள், போதுமானதாயிருந்தது. 1905-இல் கேம்பிரிட்ஜில் இந்த விதியை எடுத்துவிடலாமா என்று வோட்டுக்கு விட்டபோது, படித்துவிட்டுப் போன பழைய பட்டதாரிகள் வெளியூர்களிலிருந்து திரண்டு வந்து கூடாதென்று வோட்டுப் போட்டார்கள். அவர்களில் பாதிரிமார் ஏராளம். கடைசியில் முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, கேம்பிரிட்ஜில் 1919-லும் ஆக்ஸ்போர்டில் 1920-லும் கிரேக்கக் கட்டாயம் போயிற்று. லத்தீன் கட்டாயம் 1960 வரை இழுத்துக்கொண்டே இருந்தது. கிரேக்கம் போனதால் இங்கிலாந்து மூழ்கிவிடவில்லை. கிரேக்கம் படிக்க விரும்புகிறவன் இன்றும் அங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறான். நம் நாட்டில் அந்தக் கிரேக்கத்தின் ஸ்தானத்தில் எது இருந்தது, பாதிரிமாரின் ஸ்தானத்தில் யார் இருந்தார்கள் என்பதை இந்தக் கூட்டத்திற்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

சரி, கட்டாயப்படுத்தினால் பாஷையாவது வருகிறதா? ஹங்கேரி என்று ஐரோப்பாவில் ஒரு தேசம். 1949 முதல் 1989 வரை, நாற்பது வருஷம், அங்கே பள்ளிகளில் ருஷிய பாஷை கட்டாயம். ருஷிய பாஷை லேசானது அல்ல, உலகத்தின் பெரிய இலக்கியங்களில் சில அதில் இருக்கின்றன. ஆயினும் என்ன ஆயிற்று? எட்டு வருஷம், பத்து வருஷம் அதைப் படித்துவிட்டு வெளியே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதில் நாலு வார்த்தை பேச வரவில்லை. தலைமேல் உட்கார்ந்திருக்கிறவனுடைய பாஷை என்ற எண்ணம் ஒன்றே போதும், பிள்ளையின் காது அடைத்துக்கொள்ளும். 1989-இல் கட்டாயம் நீங்கியவுடன் வகுப்புகள் காலியாயின. ருஷியம் சொல்லித்தந்த உபாத்தியாயர்களையே வேறு பாஷை படித்துச் சொல்லித்தரும்படி மாற்ற வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் கறுப்பர் பிள்ளைகள் கணிதத்தையும் சமூக நூலையும் ஆப்பிரிக்கான்ஸ் என்னும் வெள்ளையரின் பாஷையில் படிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1976 ஜூன் 16-இல் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், துப்பாக்கி வெடித்தது, பிள்ளைகள் செத்தார்கள். அடுத்த மாதமே அந்த உத்தரவு போய்விட்டது. செத்த பிள்ளைகள் போனவர்கள் போனவர்கள்தான்.

கணக்காகவும் பாருங்கள். வாரத்துக்கு 4 பீரியட், வருஷத்துக்கு 40 வாரம் என்று வைத்தால் 160 பீரியட். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து வருஷத்தில் 800 பீரியட். பீரியடுக்கு முக்கால் மணி என்றால் 600 மணி நேரம். ஒரு பிள்ளையின் 600 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுகிறவன், அதை எதிலிருந்து எடுக்கிறான் என்று சொல்லக் கடமைப்பட்டவன். கணக்கிலிருந்தா? விஞ்ஞானத்திலிருந்தா? விளையாட்டிலிருந்தா? நமக்குத் தெரிந்தவரை விளையாட்டு பீரியடைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

இதுவரை சொன்னதற்குக் கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்டுவீர்களோ தெரியாது.

முதல் சீட்டுக்கு வருகிறோம். நாம் இதுவரை சொன்ன அத்தனையும் இங்கிலீஷுக்கும் பொருந்தும் என்று அந்தத் தோழர் சொல்லக்கூடும். கிரேக்கம் கேம்பிரிட்ஜுக்கு வாசற்கதவாயிருந்தது போல, இங்கிலீஷ் நம் காலேஜுக்கும் உத்தியோகத்திற்கும் வாசற்கதவாக இருக்கவில்லையா? இருக்கிறது. நம்முடைய சொந்தக் கதையையே சொல்லுகிறோம். நாம் படித்தது ஒரு சிற்றூர்ப் பள்ளி. மூன்றாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தோம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையில் இங்கிலீஷ் உபாத்தியாயர் ஸ்தானம் காலி. டிரில் உபாத்தியாயர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சத்தம் போடாமல் எழுதுங்கள்" என்பார். எதை எழுதுவது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பரீட்சையில் கணக்கில் 84 மார்க்கு, இங்கிலீஷில் 27. முப்பத்தைந்து வேண்டும். எட்டு மார்க்கில் நம் படிப்பு நின்றது. சொல்லித்தராத பாடத்தில் தேறவில்லை என்று நம்மை வெளியே அனுப்பினார்கள். சொல்லித்தராதவர்களை யாரும் எங்கும் அனுப்பவில்லை. பிறகு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றோம். அதற்குமேல், ரிட்டயரான தபால் இலாகாக்காரர் ஒருவர், இது போன்ற ஒரு வாசகசாலையில், இரவு ஒன்பது மணிக்குமேல் நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்து இங்கிலீஷ் பத்திரிகையைப் படித்துக் காட்டினார். ஒரு பத்தியைத் தனியாகப் படிக்க நமக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இப்படிப்பட்டவன் என்ன சொல்லுவான் என்று எதிர்பார்ப்பீர்கள்? "இங்கிலீஷையும் ஒழித்துவிடு" என்று. நாமும் பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிறகு இரண்டு மாகாணங்களின் கதையைப் படித்தோம். நம் அபிப்பிராயம் மாறிற்று.

ஒன்று பீகார். கர்ப்பூரி தாக்கூர் என்பவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாவிதர் குலத்தில் பிறந்தவர், யோக்கியமான மனிதர். 1967-இல் கல்வி மந்திரியாக இருந்தபோது, மெட்ரிகுலேஷனில் இங்கிலீஷில் தேற வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தார். ஏன்? கிராமத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், மற்ற எல்லாவற்றிலும் தேறி இங்கிலீஷில் மாத்திரம் விழுந்துகொண்டிருந்தார்கள். நம்மைப் போல. அவர் கதவைத் திறந்துவிட்டார். நல்ல காரியம். அதனால் காலேஜ் வாசலை மிதித்த பெண்கள் உண்டு. ஆனால் மேல்சாதிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அப்படித் தேறினவர்களுக்குக் "கர்ப்பூரி டிவிஷன்" என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷை விட்டார்களா? ஒரு நாளும் விடவில்லை. முதல் கதவு திறந்தது. உள்ளே போனால் இரண்டாவது கதவிலும் மூன்றாவது கதவிலும் அதே இங்கிலீஷ் பூட்டு தொங்கிற்று.

மற்றொன்று வங்காளம். அங்கிருந்த இடதுசாரி சர்க்கார் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து இங்கிலீஷை எடுத்தது. சின்னக் குழந்தை முதலில் தாய்மொழியில் படிக்கட்டும் என்பது காரணம். காரணத்தில் தப்பில்லை. ஆனால் எடுத்தது யாருடைய பள்ளியிலிருந்து? சர்க்கார் பள்ளியிலிருந்து. கல்கத்தாவில் பணமுள்ளவன் தன் பிள்ளையைச் சம்பளம் கட்டும் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினான். பணமில்லாதவனுடைய பிள்ளை ஆறாம் வகுப்பில் முதல் எழுத்தைத் தொட்டது. இருபது வருஷம் பார்த்துவிட்டு, பெற்றோர்கள் கூச்சல் பொறுக்காமல், அதே சர்க்கார் 1998-க்குப் பிறகு படிப்படியாக இங்கிலீஷைக் கீழ் வகுப்புகளுக்குத் திரும்பக் கொண்டுவந்து, 2004-க்குள் முதல் வகுப்பிற்கே கொண்டுவந்துவிட்டது. நடுவிலே போன இருபது வருஷப் பிள்ளைகளுக்கு யார் ஜவாப்தாரி?

இது நம் தேசத்து வியாதி மாத்திரம் அல்ல. இங்கிலாந்திலேயே 2004 முதல், பதினாலு வயதுக்குமேல் அந்நிய பாஷை படிப்பது மாணவன் இஷ்டம் என்று செய்தார்கள். பதினாறு வயதில் எழுதும் பரீட்சையில், 2002-இல் நூற்றுக்கு 76 பேர் ஏதேனும் ஒரு அந்நிய பாஷை எழுதினார்கள். 2011-இல் 40 பேர்தான். விட்டவர்கள் யார்? பணம் கட்டிப் படிக்கிற பள்ளியில் பிரெஞ்சும் ஸ்பானியமும் நடந்துகொண்டே இருந்தன. சர்க்கார் பள்ளியில், அதிலும் ஏழைப் பேட்டைப் பள்ளியில்தான் வகுப்புகள் மூடப்பட்டன. "இஷ்டம்" என்பது கேட்க இனிப்பான சொல். ஆனால் வீட்டில் படித்த தகப்பன் இருக்கிற பிள்ளையின் இஷ்டமும், கல் உடைக்கிறவன் பிள்ளையின் இஷ்டமும் ஒன்றாகுமா? ஒருவனுக்கு அது தேர்ந்தெடுப்பது, மற்றவனுக்கு அது கைவிடப்படுவது.

ஆகவே நாம் கண்டுகொண்டது என்னவென்றால், "கட்டாயம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சரக்கைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று, சொல்லித்தரும் கட்டாயம். அது சர்க்கார் மேல் இருப்பது. மற்றொன்று, தேறும் கட்டாயம். அது பிள்ளை மேல் இருப்பது. நம் தேசத்தில் முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதை மாத்திரம் சிரத்தையாக நடத்துகிறார்கள். உபாத்தியாயர் ஸ்தானம் மூன்று வருஷம் காலியாயிருந்தால் எந்த அதிகாரிக்கும் மார்க்கு குறைவதில்லை. பிள்ளைக்கு எட்டு மார்க்கு குறைந்தால் அவன் வாழ்வே போய்விடுகிறது. கர்ப்பூரி தாக்கூர் இரண்டாவது கட்டாயத்தை எடுத்தது சரி. அதோடு முதலாவதை இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும். அவருக்கு அதற்குக் காலமும் கிடைக்கவில்லை, விடுவாரும் இல்லை.

இப்போது அந்தத் தோழருக்கு நம் பதில் இது. இங்கிலீஷ் அந்நிய பாஷைதான், சந்தேகமில்லை. அது உயர்ந்த பாஷை என்பதற்காக நாம் கேட்கவில்லை. வைத்தியமும் யந்திரமும் கோர்ட்டும் வியாபாரமும் இன்றைய தினம் அதற்குள் இருக்கின்றன. பணக்காரன் பிள்ளை அதை எப்படியும் படித்துவிடும். அப்படியிருக்க, சர்க்கார் பள்ளியில் அதை இஷ்டம் என்று விட்டால் நஷ்டம் யாருக்கு? ஆகவே ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் அதைச் சொல்லித்தருவது கட்டாயமாக இருக்க வேண்டும். ஆனால் அதில் தவறியதற்காக ஒரு பிள்ளையை வெளியே தள்ளுவது கூடாது. தமிழில் கணக்கும் விஞ்ஞானமும் நன்றாகத் தேறினவன் மேலே போகட்டும், இங்கிலீஷைப் போகிற வழியில் கற்றுக்கொள்ளட்டும். நாளைக்கு அந்த நூல்களெல்லாம் தமிழுக்கு வந்துவிட்டால் இந்தக் கட்டாயமும் வேண்டாம் என்று நாமே சொல்லுவோம். இந்திக்கு இந்தக் காரணங்களில் எது பொருந்துகிறது என்று அந்தத் தோழர் எழுதிக் காட்டட்டும். காட்டினால் நாம் மாற்றிக்கொள்ளத் தயார். ரயில் நிலையத்தில் டிக்கெட்டு வாங்க இந்தி வேண்டும் என்பார்களானால், டிக்கெட்டு விற்கிறவன் தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் பதில். ஒருவன் கற்றுக்கொண்டால் தீருகிற காரியத்திற்கு ஒரு கோடிப் பேரைப் படிக்கச் சொல்லுவது என்ன புத்தி?

இந்த அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் தோழர்களே. நம் மாகாணத்திலேயே வாணியம்பாடியில், ஆம்பூரில் உருது பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006-இல் தமிழைக் கட்டாய பாடமாக்கிச் சட்டம் செய்தோம். நம் நாட்டில் வாழுகிறவர் தமிழ் கற்றுக்கொள்வது அவர்களுக்கே நல்லது, அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் தகுந்த தமிழ் உபாத்தியாயர்களை அனுப்பிவிட்டுத்தானா பரீட்சையைக் கட்டாயம் ஆக்கினோம்? அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது நமக்குப் பெருமை அல்ல. உருதுக்காரப் பெண் ஒருத்தி தமிழில் எட்டு மார்க்கு குறைந்து வீட்டில் உட்கார்ந்தால், அவளும் நாமும் ஒரே சாதி. (யாரோ ஒருவர் குறுக்கிட்டு ஏதோ சொன்னார்.) தோழர் கோபப்பட வேண்டாம். தமிழ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உபாத்தியாயரை முதலில் அனுப்பு, பரீட்சையைப் பிறகு வை என்கிறோம். நமக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயம் என்பது மனுதர்மம். அதைக் கொளுத்துகிறவர்கள் நாம்.

இரண்டாவது சீட்டு. மேடையில் எதிர்த்துவிட்டு வீட்டில் படிக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். சமாதானம் ஒன்றும் சொல்ல நாம் வரவில்லை. தன் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுவதை ஊரான் பிள்ளைக்கு மறுக்கிறவன் எந்தக் கட்சியாயிருந்தாலும் வெட்கப்பட வேண்டியவன். ஆனால் இதிலிருந்து, "ஆகவே எல்லோர் பிள்ளைக்கும் கட்டாயமாக்கு" என்று முடிவு கட்டுவது எப்படி? அதிலிருந்து வருகிற நியாயமான முடிவு வேறு. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளில் இருபது பேர் சேர்ந்து மலையாளம் வேண்டும், அரபி வேண்டும், ஜெர்மன் வேண்டும், ஜப்பான் பாஷை வேண்டும், இந்திதான் வேண்டும் என்று கேட்டாலும், பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் வகுப்பு வைத்துக் கொடுக்கட்டும். மார்க்கு இல்லை, பரீட்சை இல்லை, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். பணக்காரப் பள்ளியில் கிடைக்கிற இஷ்டம் ஏழைப் பள்ளியிலும் கிடைக்கட்டும். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ஆனால் டில்லியிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் இஷ்டத்திற்குக் கொடுப்பதில்லையே, கட்டாயத்திற்கு அல்லவா கொடுக்கிறார்கள்! 2025 பிப்ரவரியில் மும்மொழித் திட்டத்தை ஒப்புக்கொள்ளாததற்காக நம் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள் என்பதே பெரிய சண்டையாயிற்று. அந்தப் பணத்தில் நாற்காலியும் மேசையும் வாங்கியிருக்கலாம், காலியாயிருக்கிற இங்கிலீஷ் உபாத்தியாயர் ஸ்தானங்களையும் நிரப்பியிருக்கலாம்.

இந்த ஊர்ப் பள்ளியிலும் அப்படி ஒரு ஸ்தானம் ஆடி மாதம் முதல் காலியென்று காரியதரிசி நம்மிடம் சொன்னார். பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுக் கல்வி இலாகாவுக்கு அனுப்புவதற்கு ஒரு மனு இந்த மேசையின் மேல் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாத தாய்மார்கள் விரல் ரேகை வைக்கலாம், மையும் வைத்திருக்கிறார்கள். உபாத்தியாயர் வரும்வரை, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த வாசகசாலையிலேயே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவதாகக் காலேஜில் படிக்கிற இரண்டு பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிறவர்கள் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி வந்தால் அவர்களும் நாலு எழுத்துக் கற்றுக்கொள்ளலாம்.

கடைசி பஸ் பத்தரை மணிக்கு என்கிறார்கள்.